வட்டம் மேடம்

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் அவருக்கு என்னை அறிமுகம் செய்து வைத்தார்கள். நான் வணக்கம் சொன்னேன். அவர் பதிலுக்குக் கைப்பையைத் திறந்து பஞ்சு சுற்றிய ஒரு குச்சியை எடுத்தார்.

"கையக் காட்டுங்க பாய்."

ஏதோ கம்பெனி வழக்கம் போலிருக்கிறது என்று காட்டினேன். உள்ளங்கையில் ஒரு தடவு தடவினார், குச்சியைக் கண்ணாடிக் குழாயில் போட்டு மூடினார், போய்விட்டார். இரண்டு நாள் கழித்துக் காலையில் நான் கேன்டீனில் பூரி தின்றுகொண்டிருந்தபோது, மூடி போட்ட வட்டமான பிளாஸ்டிக் தட்டு ஒன்றைக் கொண்டுவந்து கிழங்குக்குப் பக்கத்தில் வைத்தார். உள்ளே மஞ்சளும் வெள்ளையுமாக என்னவோ கொத்துக் கொத்தாக முளைத்திருந்தது.

"இன்னா மேடம் இது?"

"உங்க கை."

அன்றைக்கு நாஷ்டா அதோடு முடிந்தது. அவர் என்னவோ நல்ல சேதி சொல்லிவிட்டுப் போகிறவர் மாதிரி சிரித்துக்கொண்டே போனார்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் எங்களுடையது சின்ன பிளாஸ்டிக் கம்பெனி. நான் அங்கே ஸ்டோர் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆரம்பத்தில் பக்கெட்டும் மக்கும் செய்தார்கள். இரண்டாயிரத்துக்குப் பிறகு முதலாளிக்கு ஆஸ்பத்திரிச் சாமான் மேல் ஆசை வந்து, சலைன் குழாயும், சிறுநீர் இறங்கப் போடும் கதீட்டர் குழாயும் செய்ய ஆரம்பித்தார்கள். அதுவும் போதாமல் ஒரு கண்காட்சிக்குப் போனவர் "நானோ வெள்ளி" என்ற வார்த்தையைக் கையோடு பிடித்துக்கொண்டு வந்தார். உடம்புக்குள் போட்ட பிளாஸ்டிக் குழாயின் மேல் கிருமி ஒட்டிக்கொண்டு பாசி மாதிரி படரும், நோயாளிக்குக் காய்ச்சல் வரும். கண்ணுக்கே தெரியாத அளவுக்கு வெள்ளியைப் பொடியாக்கி அந்தக் குழாய்க்கு மேல்பூச்சாகப் பூசினால் கிருமி அண்டாது. இதைச் செய்து காட்டத்தான் மணவாள நகர்ப் பெண்ணான, நுண்ணுயிரியல் படித்த மேடத்தை வேலைக்கு எடுத்தார்.

அவருக்கு அழகான ஒரு பெயர் இருந்தது. சம்பளம் போடும் நாளைத் தவிர யாரும் அதைச் சொன்னதில்லை. எல்லோருக்கும் அவர் வட்டம் மேடம்தான்.

காரணம் இதுதான். அவருடைய தட்டில் கெட்டிப்பட்ட கஞ்சி மாதிரி ஒன்று ஊற்றியிருக்கும். அதன் மேல் கிருமியை அரிசிமாவு பூசுவதுபோல் ஒரே சீராகத் தடவிவிடுவார். நடுவில் பூச்சுப் போட்ட குழாயில் ஒரு துண்டு வெட்டி வைத்து, சூட்டுப் பெட்டிக்குள் தள்ளிக் கதவைச் சாத்துவார். மறுநாள் பார்த்தால் தட்டு முழுக்கக் கிருமி வளர்ந்திருக்கும். குழாய்த் துண்டைச் சுற்றி மட்டும் வழித்து எடுத்த மாதிரி சுத்தமாக ஒரு வட்டம் இருக்கும். வட்டம் விழுந்தால் பூச்சு வேலை செய்கிறது என்று அர்த்தம். விழவில்லை என்றால் அந்தக் குழாய் குப்பைக்குப் போகும்.

இதோடு நிறுத்தியிருந்தால் அவர் நல்ல ஊழியர் என்று சொல்லி இந்தக் கட்டுரையை இங்கேயே முடித்துவிடுவேன். அவர் நிறுத்தவில்லை. உலகத்தில் எதை யார் நல்லது என்று சொன்னாலும் அதில் ஒரு துளி கிள்ளிக்கொண்டு போய்த் தட்டில் வைத்துவிடுவார். "வட்டம் உழுந்தா நம்பறேன்" என்பார். டி.வி.யில் விளம்பரம் வரும் சோப்பு, பல்பொடி, கேன்டீனில் கை கழுவ வைத்திருந்த பச்சை நிற சோப்புத் தண்ணீர் எல்லாம் தோற்றுப்போயின. பூண்டு ஜெயித்தது. கேன்டீன் மாஸ்டரின் கரண்டியைப் பற்றி அவர் கடைசி வரை யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. ஆனால் மறுநாளிலிருந்து வீட்டிலிருந்து சாப்பாடு கொண்டுவர ஆரம்பித்தார். நாங்களும் கேட்காமலேயே கொண்டுவந்தோம்.

பூச்சு அறையில் மூன்று பெண்கள் வேலை செய்தார்கள். அதில் செல்வி என்கிற பெண் துடுக்கு. ஒரு நாள் காலில் இருந்த கொலுசைக் கழற்றி, "இதுவும் வெள்ளிதான மேடம், வெச்சிப் பாருங்க" என்று கொடுத்தாள். வட்டம் விழவில்லை. செல்விக்கு முகம் தொங்கிப்போயிற்று.

"அப்போ டூப்ளிகேட்டா மேடம்? ஆயா ஊட்டு சீருன்னு குடுத்தாங்களே."

"நல்ல வெள்ளிதான்டி. மொத்தமா கீறப்போ சோம்பேறியா ஒக்காந்துக்கும். பொடிப் பொடியா பிரிச்சி உட்டாத்தான் வேல செய்யும்."

இதைக் கேட்டுக்கொண்டே உள்ளே வந்த முதலாளி, அன்று மத்தியானமே பேக்கிங் பிரிவை நாலாகப் பிரித்து நாலு மூலையில் உட்காரவைத்தார். வேலை ஒன்றும் கூடவில்லை. ஒரு மூலைக்காரர்கள் இன்னொரு மூலைக்காரர்களிடம் கத்திப் பேசியதில் எங்களுக்குத்தான் காது போயிற்று.

முதலாளியைப் பற்றியும் சொல்ல வேண்டும். எல்லையைத் தாண்டி வந்த தெலுங்குக் குடும்பம். ஆண்பிள்ளைகள் அத்தனை பேரும் அவருக்கு நைனா. எந்தச் சாமியையும் பகைத்துக்கொள்ளாத மனிதர். கேட்டில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் தொங்கும், அதற்கு மேலே பூதம் வரைந்த பூசணிக்காய், உள்ளே மாதா படம், மேஜையில் தர்கா கயிறு. எலுமிச்சம்பழத்தில் ஒரு கீற்றை மேடம் கிள்ளிக்கொண்டு போய் வைத்தார். நன்றாகவே வட்டம் விழுந்தது. முதலாளி அந்தத் தட்டை வாங்கி ஆபீசில் வருகிறவர் போகிறவர்களுக்கெல்லாம் காட்டினார்.

"பாத்தியாம்மா, சக்தி."

"அது புளிப்பு சார்."

"புளிப்புலதாம்மா சக்தி."

திருஷ்டி சுற்றிப் போடும் கல் உப்பையும் மேடம் விடவில்லை. அதற்கு வட்டம் விழவில்லை. அவர் தட்டில் வளர்த்த கிருமி நம் தோலில் குடியிருக்கும் ஜாதி. "வேர்வையில கீற உப்பத் தின்னே வளந்தது, இதுக்கு உப்பு இன்னா பண்ணும்?" என்றார். செல்வி வாரா வாரம் உப்பு சுற்றிப் போடுகிறவள். அவளை உட்காரவைத்து அந்தத் தட்டைக் காட்டி ஒரு மணிநேரம் கிண்டல் செய்தார்.

என் கழுத்தில் கிடந்த தாயத்தும் தப்பவில்லை. பழவேற்காட்டில் எங்கள் உம்மா மந்திரித்துக் கட்டியது. "நூல்ல ஒரு இழ குடுங்க பாய்" என்று கேட்டு வாங்கிப் போனார். மறுநாள் தட்டைக் காட்டாமலே சுற்றிச் சுற்றி வந்தார்.

"உழலியா மேடம்?"

"உழல. உங்க உம்மாகிட்ட சொல்லாதீங்க."

அவருடைய கல்யாணம்கூட இப்படித்தான் நடந்தது என்பார். பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை கையில் செம்புக் காப்பு போட்டிருந்தாராம். உடம்புக்கு நல்லது என்று சொன்னாராம். கழற்றி வாங்கிக்கொண்டு போய் வைத்துப் பார்த்தாராம், மெல்லிசாக ஒரு வட்டம் விழுந்ததாம், சரி என்று சொல்லி அனுப்பினாராம். உண்மையா பொய்யா எனக்குத் தெரியாது. கவரைப்பேட்டை ஸ்டேஷனில் அவரை அழைத்துப் போக வரும் அந்த மனிதர் கையில் காப்பு இருந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

இப்படி இருந்தவருக்குத்தான் அந்த நாள் வந்தது.

பூச்சு வேலைக்கு முதலாளி கடன் வாங்கிச் செலவழித்திருந்தார். குழாய் வாங்க ஆள் இல்லை. கடைசியில் சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து டாக்டர் ஒருவர் நேரில் வந்து பூச்சுப் போடுவதைப் பார்க்கிறேன் என்றார். முதலாளி எல்லோரையும் கூப்பிட்டு வைத்து மேடத்திடம் சொன்னார்.

"டப்பு கொட்டியாச்சும்மா. இந்த டாக்டரு வேணாம்னுட்டா அந்த ரூம மூடிர்றேன். மறுபடியும் பக்கெட்டுதான். அந்த மூணு பொண்ணுங்களயும் கான்ட்ராக்டராண்ட திருப்பி அனுப்ச்சிருவேன். நீயும் பக்கெட்டுக்குக் கைப்பிடி மாட்டறத பாத்துக்கோ."

அந்த மூன்று பெண்களும் எருவும் நடவுமாகக் காலம் தள்ளிய வீடுகளிலிருந்து வந்தவர்கள். முதல் தடவையாக நிழலில் உட்கார்ந்து வேலை பார்த்தவர்கள். கான்ட்ராக்டரிடம் திரும்பிப் போனால் மறுபடி இரும்புப் பட்டறையில் துரு சுரண்ட வேண்டும்.

டாக்டர் வருகிற அன்று காலையில் நான் முதல் ரயிலுக்கே வந்து, காய்ச்சி வடித்த தண்ணீர் கேனைத் தூக்கிக்கொண்டு பூச்சு அறைக்குள் போனேன். நடுவில் தொட்டி இருந்தது. தொட்டி என்று பெயர்தான், ஒரு குடத்துத் தண்ணீர் கொள்ளும். பொடியாக்கின வெள்ளி கலந்த தண்ணீர் ஏனோ வெள்ளையாக இருக்காது, மஞ்சள் கரைத்த தண்ணீர் மாதிரி இருக்கும். மூடி திறந்திருந்த தொட்டிக்கு முன்னால் மேடம் நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

"இன்னா மேடம், இவ்ளோ சீக்கிரம்?"

"ஒண்ணும் இல்ல பாய். சும்மா."

"கையில இன்னா?"

"கையில இன்னா கீது? ஒண்ணும் இல்ல." இரண்டு கையையும் முன்னால் நீட்டி விரித்துக் காட்டினார். ஒன்றும் இல்லைதான். நான் கேனை வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

டாக்டர் வந்தார். நரைத்த தலை, அதிகம் பேசாத மனிதர். முதலாளி சந்தன மாலை போட்டார். ஊர்வலமாக எல்லோரும் பூச்சு அறைக்குப் போனோம். தொட்டி மூடியை முதலாளியே தன் கையால் திறந்தார். உள்ளே மஞ்சள் இல்லை. பாத்திரம் கழுவி ஊற்றின தண்ணீர் மாதிரி சாம்பலாக இருந்தது. அடியில் கறுப்பாக வண்டல் இறங்கியிருந்தது.

முதலாளி முதலில் என்னைத்தான் பார்த்தார்.

"நைனா, போர் தண்ணிய ஊத்தினியா?"

எங்கள் பக்கத்தில் போர் தண்ணீரை வாயில் வைக்க முடியாது, அத்தனை கரிப்பு. இல்லை சார், கேனில் சீல் கூட உடைக்கவில்லை என்று நான் காட்டினேன். உடனே செல்வி பக்கம் திரும்பினார்.

"அப்போ நீதான். கைய கழுவாம உள்ள உட்டியா? எத போட்ட சொல்லு. இன்னிக்கே கணக்க முடிச்சிக்கினு கெளம்பு."

செல்வி வாயைத் திறப்பதற்குள் அழ ஆரம்பித்துவிட்டாள். அப்போதுதான் மேடம் பேசினார்.

"நான்தான் சார். உப்பு."

"இன்னா உப்பு?"

"கல்லு உப்பு. திருஷ்டி சுத்தினேன், தொட்டிக்கு. வெளிய கொண்டும்போய் தண்ணியில போடலாம்னு இருந்தேன். பாய் வந்துட்டாரு. வெக்கமாப் போச்சு. பின்னால கைய தொறந்து உட்டுட்டேன். தொட்டியில உழுந்துருச்சி."

பார்த்தவர்கள் அத்தனை பேரையும் தட்டில் வைத்துச் சிரித்த பெண்மணி, ஊரார் கண் பட்டுவிடும் என்று ஒரு குடம் தண்ணீருக்குத் திருஷ்டி சுற்றியிருக்கிறார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அவரைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது. செல்வி அழுகையை நிறுத்திவிட்டு வாயைப் பிளந்து பார்த்தாள். முதலாளி மட்டும் கோபத்தை மறந்து, "மூணு சுத்து சுத்தினியாம்மா?" என்று கேட்டார்.

டாக்டர்தான் கேட்க வேண்டியதைக் கேட்டார்.

"உப்பு பட்டா உங்க வெள்ளி இப்படித்தான் ஆகுமா?"

"ஆமா டாக்டர். ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கினு பெருசாயிரும். அப்பால வேல செய்யாது."

"சிறுநீர்ல உப்பு இருக்கே. குழாய் அதுலதானே நாள் கணக்கா கிடக்கும். அப்போ என்ன ஆகும்?"

முதலாளி கண்ணை மூடிக்கொண்டு உதடு அசைய எந்தச் சாமியையோ கூப்பிட்டார். எல்லாச் சாமியையும் கூப்பிட்டிருப்பார். மேடம் தொட்டியைக் காட்டினார்.

"தொட்டியில வெள்ளி சும்மா மெதக்குது. கொழாயில பசையோட பூசி காயவெச்சிக்கீறோம், நகர முடியாது. அதனால தாங்கும்னு நெனைக்கிறேன். ஆனா நான் தண்ணியிலதான் ஊறவெச்சிப் பாத்துக்கீறேன். உப்புல பாக்கல. வட்டம் போட்டாத்தான் தெரியும்."

டாக்டர் ஒரு வாரம் சிறுநீரில் ஊறிய குழாயில் வட்டத்தைக் காட்டுங்கள் என்று சொல்லிவிட்டு, மாலையைக் கழற்றி வைத்துவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலம் ரயிலில் மேடம் எதிரில் உட்கார்ந்திருந்தார். நான் கேட்டே விட்டேன்.

"உப்புக்குத்தான் வட்டமே உழலியே மேடம்?"

"உழலதான் பாய். காலைல தொட்டியாண்ட வந்து நின்னேன். அந்த மூணு பேரு மூஞ்சியும் வந்துருச்சி. கையி தானா பைக்குள்ள போய்ருச்சி."

"பைக்குள்ள உப்பு எப்பிடி வந்துச்சி?"

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கவரைப்பேட்டை வந்ததும் இறங்கிப் போய்விட்டார்.

மறுநாள் காலையில் அவர் ஸ்டோருக்கு வந்து கதவைச் சாத்தியபோது நான் பயந்துதான் போனேன். கையில் ஒரு கண்ணாடி பாட்டில் இருந்தது.

"பாய், நீங்க பழவேற்காடு. உங்க ஊட்ல கருவாடு நெறைய சாப்பிடுவீங்க இல்ல?"

"ஆமா மேடம்."

"உப்பு அதிகமா கீற ஆளுதான் வேணும். கஷ்டமான பரீட்சை வெச்சாத்தான் டாக்டருக்கு நம்பிக்கை வரும். ஒரு வாரத்துக்கு, தெனமும் காலைல இதுல புடிச்சிக் குடுங்க."

நான் என் குடும்பத்தைச் சொல்லிக்கொள்ள வேண்டும். பழவேற்காட்டில் பாட்டன் காலத்திலிருந்து மரியாதையாக வியாபாரம் செய்தவர்கள். அந்த வம்சத்தில் பாட்டிலோடு நின்றது நான் ஒருவன்தான். வேறு யாரையாவது கேளுங்கள் என்றேன். விஷயம் தெரிந்து முதலாளி தானே முன்வந்தார். மேடம் ஒரே வார்த்தையில் தள்ளிவிட்டார். "சாருக்கு பிரஷர் கீது, உப்பில்லாத பத்தியச் சாப்பாடு. சாரோடது பத்தாது." முதலாளி அதற்கு வருத்தப்பட்டார். தன் கம்பெனிக்குத் தன்னால் அதுகூடச் செய்ய முடியவில்லையே என்று என்னிடம் வந்து புலம்பினார்.

அந்த ஒரு வாரம் எங்கள் வீட்டில் கருவாட்டைத் தவிர வேறு சமைக்க நான் விடவில்லை.

"இன்னாடா ஆச்சு உனக்கு? கறி வெச்சாலும் வேணாங்கற," என்றார் உம்மா.

"கம்பெனி வேலை உம்மா."

கம்பெனியில் கருவாடு எதற்கு என்று அவர் கேட்டதற்கு இன்றுவரை நான் பதில் சொல்லவில்லை. காலையில் பழவேற்காட்டிலிருந்து பொன்னேரிக்குப் பஸ், அங்கிருந்து ரயில், மடியில் துணி சுற்றிய பாட்டில். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் ஒருநாள் "தேனா பாய்?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். விலை கேட்டார். பெரிய பேஜாராகப் போய்விட்டது.

ஒரு வாரம் ஊறிய துண்டுகளைத் தட்டில் வைத்த மறுநாள், சூட்டுப் பெட்டிக்கு முன்னால் முதலாளி, நான், மூன்று பெண்கள், கேட் வாட்ச்மேன் எல்லோரும் நின்றோம். கதவைத் திறந்ததும் புளித்த இட்லி மாவு வாசனை அடித்தது. மேடம் தட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

வட்டம் விழுந்திருந்தது.

செல்வி குதித்தாள். மேடம் சிரிக்கவில்லை. ஸ்கேலை வைத்து அளந்தார்.

"பழைய வட்டத்துல பாதிதான் சார் கீது."

"பாதியா?" முதலாளி தாடையைத் தடவினார். "அந்தப் பழைய தட்டு கீது இல்லம்மா, பெரிய வட்டம்? அதக் கொண்டும்போய் காட்டிரு. அவருக்கு இன்னா தெரியப்போவுது?"

"இதத்தான் சார் காட்டுவேன்."

"வேணாம்னுட்டாருன்னா ரூம மூடணும்மா. பொண்ணுங்க மூணு பேரும் போவணும்."

"தெரியும் சார்."

அவ்வளவுதான் சொன்னார். தட்டைத் துணியில் சுற்றிக் கைப்பையில் வைத்துக்கொண்டு அடுத்த ரயிலில் சென்னைக்குப் போனார். நாங்கள் எல்லோரும் கேட்டருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். செல்வி அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. எனக்கும் கருவாடு இறங்கவில்லை.

சாயங்காலம் ஆபீசுக்கு மேடத்திடமிருந்து போன் வந்தது. டாக்டர் தட்டை வாங்கிப் பார்த்தாராம். மற்ற கம்பெனிக்காரர்கள் எல்லோரும் பெரிய வட்டம்தான் கொண்டுவந்தார்கள், எதில் ஊறினது என்று கேட்டால் தண்ணீர் என்கிறார்கள், உப்பைப் பற்றி வாயைத் திறந்தது நீங்கள் மட்டும்தான் என்றாராம். முதல் கட்டமாகக் கொஞ்சம் குழாய் அனுப்பச் சொல்லிவிட்டார். முதலாளி போனை வைத்துவிட்டு என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். "நைனா, உன்னாலதான்" என்றார். எதனால் என்று பெண்கள் முன்னால் விளக்கிச் சொல்லிவிடுவாரோ என்று எனக்கு உயிர் போயிற்று.

பூச்சு அறை மூடப்படவில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு சரக்கையும் உப்பில் ஊறவைத்துப் பார்க்காமல் அனுப்பக் கூடாது என்று மேடம் சட்டம் போட்டார். கம்பெனியில் அதற்குப் பெயர் திருஷ்டி டெஸ்ட். டாக்டரே போனில் "திருஷ்டி டெஸ்ட் ஆச்சா?" என்றுதான் கேட்பார். மேடத்துக்கு அந்தப் பெயர் பிடிக்காது. ஆனால் அதற்கப்புறம் அவர் யாருடைய கயிற்றையும் கிள்ளவில்லை. சோப்பையும் பல்பொடியையும் மட்டும் விடவில்லை.

சில வருஷம் கழித்து அவர் கணவருக்கு வெளியூரில் வேலை மாறியது. கடைசி நாள் கேன்டீனில் கேசரி கொடுத்தார்கள். எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும் என்பது அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது. அப்போது முதலாளி ஒரு கை நிறையக் கல் உப்பும் மிளகாயுமாக வந்து, "கெழக்கால பாத்து நில்லும்மா" என்றார். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு மேடத்தைப் பார்த்தேன். அவர் கைப்பையைக் கீழே வைத்தார். கிழக்கே பார்த்து நின்றார். முதலாளி தலையைச் சுற்றிச் சுற்றி எடுக்க, கண்ணில் தண்ணீரோடு அப்படியே நின்றார். அவரை அப்படிப் பார்த்துச் செல்விக்கும் கண் கலங்கியது.

சுற்றி முடித்ததும் முதலாளி, உப்பை எங்கே போடுவது என்று சுற்றும் முற்றும் பார்த்தார்.

"எங்க வேணா போடுங்க சார்," என்றார் மேடம், மூக்கை உறிஞ்சிக்கொண்டே. "தொட்டியாண்ட மட்டும் போவாதீங்க."

அதற்குள் செல்வி எழுந்து போய்ப் பூச்சு அறையைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு கதவுக்கு முன்னால் நின்றிருந்தாள்.